பதினாறு கட்டத்து எழுத்துகள்

தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அத்தனையையும், போதாததற்கு 'ஷ', 'ஜ' போன்ற வடமொழி எழுத்துகளையும், பதினாறு கட்ட உயரத்துக்குள் புள்ளி புள்ளியாக அடைத்துப் பார்த்தவள் முரசுமோட்டை யதுர்ஷிகா ஒருத்திதான். எல்லாம் தர்சனின் கணினிச் சண்டை விளையாட்டுக்காக. அதை ஓட்டும் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் படமாக வரைந்து, அதன் அகலத்தையும் எண்ணில் குறித்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சண்டைக்காரன் 'ஙௌ' என்று கத்தப்போகிறான்? அதையும் விடாமல் வரைந்தாள், விசரி!

தர்சன் கிளிநொச்சியில் அவளோடு கணினி படித்தவன். பிரான்சுக்குப் போய் மூன்று வருடம். "விளையாட்டு வெளிவந்த உடனை வந்து உம்மடை அம்மாவோட கதைக்கிறன்" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லை நம்பி, வந்த இரண்டு சம்பந்தங்களையும் தட்டிக் கழித்துவிட்டுக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, திரையில் வரும் வசனங்கள் முழுவதையும் அனுப்பி, எழுத்து எங்காவது இடிபடுகிறதா என்று ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னான். 'முதற் சுற்று', 'விடாதே, அடி!', 'வெற்றி' எல்லாம் வடிவாக வந்தன. அவளுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் நன்றிப் பக்கம். 'எழுத்துகள்: யதுர்ஷிகா' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'என் அன்பு மனைவி பிரஷாந்தினிக்கு'.

இரண்டு தரம் வாசித்தாள். அவள் வரைந்த எழுத்தே அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்ததே, பாவி!

உடனே அவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சொல்லத்தான் இருந்தனான், யது. வீட்டிலை பாத்துச் செய்து வைச்சிட்டினம். முதல்ல முடியட்டும் எண்டு..."

"என்ன முடியட்டும் எண்டு? எழுத்தோ?"

"தர்சன் தம்பியோ கதைக்கிறார்? எப்ப வாறாராம் எண்டு கேள், பிள்ளை" என்றார் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே.

யதுர்ஷிகா திரையைப் பார்த்தாள். அந்தப் பெயரில் 'ஷா'வின் கால் அடுத்த எழுத்தின் மேல் ஏறி நின்றது.

"ஒரு இடத்திலை இடிபடுது. திருத்தி அனுப்புறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அகலத்தில் இரண்டு கட்டம் கூட்டினாள். மறுபடி ஓடவிட்டாள். பிரஷாந்தினி என்ற பெயர் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஓவென்று அழுதாள். அம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்து, தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.