முட்டி உயரம்

"மாமா, பெட்டிய எறக்கணும்," என்றாள் ஜெயமலர்.

இருளப்பன் மாமா கையிலிருந்த மாலையோடு திரும்பினார். மெர்போக் வீட்டுக் கூடத்தில், இரும்புத் தாங்கியின் மேல் அவள் அண்ணன் சிவநேசனின் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் நின்று முகம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். இப்போது வந்திருப்பவர்கள் அண்ணனின் சங்கத்தார். மூவரும் சக்கர நாற்காலியில். முன்னால் இருந்த பரஞ்சோதி அக்காவின் கண்ணுக்கு நேரே பெட்டியின் பக்கப் பலகைதான் தெரிந்தது.

"பரவால்லமா. இங்கேர்ந்தே கும்புட்டுக்கிறேன்," என்றார் அவர். பழகிப்போன குரல்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சிவநேசன் விழுந்தான். அதன்பின் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. எழ முடியாதவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்துச் சங்கம் தொடங்கினான். இந்த வருஷம்தான் அதற்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம் கிடைத்தது. பினாங்கில் அலுவலகங்களுக்கு உள்ளமைப்பு வரையும் ஜெயமலர் இதையும் வரைந்தாள். படியில்லாத வாசல், நாற்காலி திரும்பும் அகலத்தில் கழிவறை, கண்ணை உறுத்தாத விளக்கு. அவனுக்கு எல்லாமே பிடித்திருந்தது, முகப்புக் கவுண்டரைத் தவிர.

"ஓரத்துல ஒரு பக்கம் எறக்கியிருக்கேனே அண்ணே. ரூல்ஸ்படி அது போதும்."

"எங்களுக்கு ஓரமா? முழுசையும் எறக்குலா."

"அப்புறம் நிக்கிறவங்க குனியணும்."

"எதுக்குக் குனியணும்? நாக்காலி போடு, உக்காரட்டும்லா."

வளைந்து வரும் அந்த நெடிய மரப்பலகைதான் வரைபடத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது. ஆபீஸ் ஆபீஸ் மாதிரி இருக்க வேண்டாமா என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். அது போன ஞாயிறு. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. வியாழன் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நேற்றுக் காலை அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"தரையில வைக்கக் கூடாதும்மா," என்றார் மாமா.

"தரையில இல்ல மாமா. டிவி மேசை இருக்கு. முட்டி உயரந்தான்."

"வர்றவங்க குனிஞ்சுல்ல பாக்கணும்?"

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்.

"எறக்கு தம்பி," என்றார்.

அறைக்குள் ஒதுக்கியிருந்த மேசையை நாலு பேர் தூக்கிவந்தார்கள். பெட்டி இறங்கியது. பரஞ்சோதி அக்கா பெட்டியை ஒட்டி நாற்காலியைக் கொண்டுவந்து, வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, சட்டைக் கழுத்தில் பிசகியிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

வெளியே கூடாரத்தில் குத்தகைக்காரர் லோகேஸ்வரன் தயங்கி நின்றார். கடைவீட்டு மரவேலையை எடுத்துச் செய்பவர் அவர்.

"தங்கச்சி, இன்னிக்குக் கேக்கக் கூடாது. நாளைக்குக் கவுண்டர் பலகை அறுக்க ஆள் வராங்க. தள்ளிப் போட்டுரவா?"

"வேணாம்ணே. எழுபத்தஞ்சு சென்டி, முழு நீளத்துக்கும். அடியில அலமாரி வேணாம், முட்டி உள்ள போவணும்."

அவர் தலையசைத்தார். "சிவா சொன்ன அளவுதான்."

"ஒங்ககிட்டயும் சொன்னாரா?"

"புதன்கிழமை போன் பண்ணாரு. நான் அப்படியே செஞ்சிரவான்னு கேட்டேன். வேணாம், வரைஞ்சது அவ, அவ சொன்னா மட்டும் மாத்துன்னாரு."

ஜெயமலர் கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். லோகேஸ்வரன் ரோட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. ஆண்கள் பின்னால் போனார்கள்; சங்கத்து ஆண்கள் இருவரும் தங்கள் வேனில் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். வேன் திரும்பி வரத் தாமதமானது. பரஞ்சோதி அக்கா தனியாக வெயிலோரத்தில் இருந்தார்.

"உள்ள வாங்கக்கா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

அவர் வாசல் சரிவில் ஏறினார். சக்கரம் நிலையைத் தாண்டும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே, பதினோரு வருஷப் பழக்கத்தில், மேசையோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வழிவிட்டார்.