ஏழுமலை வீட்டுத் தொட்டியில் பாசி

ஃபிஜித் தீவில், பா டவுனில் ஏழுமலைக்கு இருந்த பெயரே தனி. பஸ் கம்பெனி மெக்கானிக். இன்ஜின் லேசாக இருமினால் போதும், எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை வீட்டிலிருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டி படாதபாடு படுத்தியது.

கடல் தண்ணீர், பவளம், கோமாளி மீன், நீல மீன் என்று ஆறு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த தொட்டி அது. இரண்டாயிரமாவது வருஷம், தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்தார்களே, அந்த வாரத்திலிருந்து அதில் பாசி மண்டியது. முதலில் இறால் செத்தது. பிறகு நாளுக்கொரு மீன்.

இனி இந்தியர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனிலிருந்து மகள் சஞ்சனா இருவருக்கும் விசா பாரம் அனுப்பியிருந்தாள். மனைவி லீலாவதி தன்னுடையதை நிரப்பிவிட்டாள், ஆனால் புருஷனை விட்டுப் போக மாட்டாள். ஏழுமலையோ, பயந்தாங்கொள்ளிகள் ஓடட்டும், என் மீனை யார் பார்ப்பது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பம்பைக் கழற்றிப் பார்த்தார், பழுதில்லை. விளக்கை அரை நாள் அணைத்துப் பார்த்தார். கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். பல் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தார். மறுநாளே புசுபுசுவென்று வந்து நின்றது, சனியன்.

கடைசியில் தீனி டப்பாவைத் திறந்தார். மூன்று மாதம் வரவேண்டியது மூன்றே வாரத்தில் காலி. ஆஹா, இதுதானா சங்கதி! மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரைக் கெடுத்திருக்கிறது. பாசிக்கு விருந்து, மீனுக்குச் சாவு. டப்பாவும் கையுமாக நேரே அடுப்படிக்குப் போனார். மீன் செத்தால் நான் கிளம்பிவிடுவேன் என்றுதானே அள்ளிக் கொட்டினாய் என்று கேட்டும்விட்டார்.

லீலாவதி ரொட்டி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நான் அந்த டப்பாவத் தொட்டதே இல்லங்க. ரேடியோல நியூஸ் வந்தா நீங்கதான் எந்திரிச்சுப் போறீங்க. அது முடியிற வரைக்கும் போட்டுக்கிட்டே நிக்கிறீங்க. மணிக்கொரு நியூஸ். உங்களுக்கே தெரியலயா?"

ஏழுமலை தன் கையைப் பார்த்தார். விரல் நுனியில் தீனித் தூள் ஒட்டியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு, லீலா," என்றார். "மொத நாள்லேருந்தே."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவருடைய விசா பாரத்தை எடுத்துவரப் போனவள் பாதியில் திரும்பி வந்து, முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.