முதுகு காட்டிய கரை

கடற்கரைக் கொட்டிலான வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாலு ஆண்களும் லக்சிகாவைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அது அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

முல்லைத்தீவில் குழந்தையைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, புருஷனோடு மோட்டார் சைக்கிளில் முள்ளியவளைக்குத் திரும்பலாம் என்று கரைக்கு வந்திருந்தாள். புருஷன் நிருஷன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கரைவலை இழுக்க இறங்கியிருந்தான். அவன் வயல்காரன். வெள்ளம் கதிரோடு நெல்லைக் கொண்டுபோன பிறகு, தெரிந்தவர்களைப் பிடித்துக் கெஞ்சி வாங்கிய வேலை அது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கிறிஸ்தோப்பர் இன்றைக்கு ஒரு நாள் இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பருவம் முழுக்க வைத்திருப்பதா இல்லையா என்பதைப் பொழுதுபடமுன் சொல்லுவார். வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

புறப்படும்போதே மாமி இலட்சுமி எச்சரித்து அனுப்பியிருந்தார். வலைக் கயிற்றைக் கடக்காதே, கரையில் இருப்பவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு முன்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிராதே, கண்பட்டால் பால் வற்றிப்போகும் என்றெல்லாம் சொன்னார். கண்ணூறு ஒருபுறம் இருக்க, லக்சிகாவுக்கு வேறொரு பயமும் இருந்தது. பக்கத்து வீட்டு ராஜினி பஸ் நிலையத்தில் பால் கொடுத்ததை எவனோ போனில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு ராஜினி கோயிலுக்குக்கூடப் போவதில்லை.

குழந்தை தோளில் விழித்தது. விரலைச் சப்பிப் பார்த்தது, சட்டையை முகத்தால் முட்டியது, பிறகு வீரிட்டு அழத் தொடங்கியது. கரையில் மதிலும் இல்லை, மறைவும் இல்லை. லக்சிகா கவிழ்த்துக் கிடந்த பழைய வள்ளமொன்றின் நிழலில் இருந்து, துவாயால் மூடிக்கொண்டு, வற்றாப்பளை அம்மனை மனதில் நினைத்தபடி பிள்ளையை மார்போடு அணைத்தாள். வெக்கை தாங்காமல் பிள்ளை துவாயை உதைத்தது. கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்தது. துவாய் மணலில் போய் விழுந்தது.

நிமிர்ந்தபோது வாடிக்குள் தாடிக்காரன் ஒருவன் கையில் போனோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிலக்ஸன் என்று யாரோ அவனைக் கூப்பிட்டதைக் கேட்டிருந்தாள். கண்கள் சந்தித்ததும் அவன் போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டான். எடுத்துவிட்டானா, இனித்தான் எடுக்கப்போகிறானா? அவன் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பரிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவர் ஒருமுறை வள்ளப் பக்கம் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், நாலு பேரும் வலையோடு அப்படியே திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

ஒருவன் மட்டும் எழுந்து தறப்பாள் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் முகத்தை ஏறிட்டும் பாராமல், வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்கும் ஒரு தடிக்கும் இடையில் கட்டிவிட்டுப் போனான். தீட்டுக்காரியை ஒதுக்கிவைத்தது போல் இருந்தது லக்சிகாவுக்கு. தறப்பாளின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். டிலக்ஸன் நேரே கயிறு இழுப்பவர்களிடம் போய் நிருஷனின் காதுக்குள் பேசினான். நிருஷன் வள்ளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

எல்லாம் முடிந்தது, என்னால்தான் கெட்டது என்று நினைத்தாள். பிள்ளையை மார்பிலிருந்து பிரித்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பாதிப் பசியோடு பிள்ளை கத்தியது.

மீன் கூடையோடு அந்த வழியால் வந்த பெண் நின்றாள். கரையில் மீன் பிரிக்கும் மரியமலர்.

"ஏன் பிள்ளை எழும்பினனீர்? குஞ்சு இன்னும் குடிச்சு முடியேல்லையே."

"நாங்கள் போறம் அக்கா. இஞ்ச ஆக்களுக்குப் பிடிக்கேல்லைப் போல கிடக்கு." லக்சிகா அந்த முதுகுகளைக் கண்ணால் காட்டினாள்.

மரியமலர் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "அதுக்கே? இந்தக் கரையில ஒரு தாய் பால் குடுக்க இருந்தா ஆம்பிளையள் கடலைத்தான் பாப்பினம். நாங்களெல்லாம் மீன் பிரிச்ச கையைக் கழுவிப்போட்டு இதில இருந்துதான் குடுத்தனாங்கள். உந்தா, பெரியாள் மாதிரி இருக்கிறாரே சம்மாட்டி, அவரும் இந்த மணலில இருந்து குடிச்சு வளந்தவர்தான்."

"என்ர கதை உனக்கென்னத்துக்கு?" என்றார் கிறிஸ்தோப்பர், கடலைப் பார்த்தபடியே.

லக்சிகா மறுபடி இருந்தாள். ஆனாலும் மனம் இருக்கவில்லை. வாய்க்கு நல்லதாக யாரும் சொல்லலாம். சட்டைப் பைக்குள் போன போனில் என்ன இருக்கிறது? நிருஷன் ஏன் தலையைக் குனிந்தான்? பிள்ளை குடித்து உறங்கிய பிறகும் அந்தக் கேள்விகள் உறங்கவில்லை.

வலை கரையேறியது. மீன் குவியலிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டு கிறிஸ்தோப்பர் வந்தார். தறப்பாளுக்கு வெளியே நின்று, பிள்ளை குடிச்சிட்டாவோ என்று மரியமலரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கையில் சின்னப் பால்சுறாக்கள்.

"வலையில பால்சுறா பட்டா, கரையில பால் குடுக்கிற தாய்க்குத்தான் முதல் பங்கு. பிறகுதான் ஏலம். மாமியிட்டக் குடுத்து வறை வறுக்கச் சொல்லும், பால் நல்லா ஊறும்."

லக்சிகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மீனில் இன்னும் கடலின் குளிர் இருந்தது.

கிறிஸ்தோப்பர் இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து நின்ற நிருஷனிடம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பிள்ளை அழுகுது, கயித்தை விட்டிட்டுப் போய்ப் பாக்கட்டாம் எண்டு டிலக்ஸனிட்டச் சொல்லி விட்டனான். அவனும் போனில கதைச்சதை அரைவாசியில நிப்பாட்டிப்போட்டு வந்தவன். நீர் ஏன் போகேல்லை?"

"முதல் நாள் ஐயா. விட்டிட்டுப் போனா வேண்டாமெண்டிடுவியள் எண்டு பயந்திட்டன்."

லக்சிகா டிலக்ஸனைத் தேடினாள். அவன் தூரத்தில் குனிந்து மீன் அள்ளிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித் தான் நினைத்ததெல்லாம் ஞாபகம் வர, அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தன்னைப் போலவே நிருஷனும் இந்த மனிதர்களைச் சந்தேகித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். ஆண்டவன் ஒரு தறப்பாளும் நாலு முதுகுகளும் அனுப்பியிருக்க, இரண்டு பேரும் அதற்குள் பகையைத் தேடியிருக்கிறார்கள்.

"கயிறு பிடிக்க மற்றவையும் இருக்கினம்," என்றார் கிறிஸ்தோப்பர். "பிள்ளைக்குத் தேப்பன் நீர் ஒராள்தானே."

வேலை நிலைக்குமா என்று கேட்க நிருஷன் வாயெடுத்தான். பேச்சுச் சத்தத்தில் பிள்ளை விழித்துச் சிணுங்கி மறுபடி மார்பைத் தேடியது. லக்சிகா கொஞ்சம் தயங்கினாள். பிறகு வள்ளத்தில் சாய்ந்து இருந்தாள். கிறிஸ்தோப்பர் உடனே கடலைப் பார்த்தார். நிருஷன் மட்டும் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க என்ன பார்வை?" கிறிஸ்தோப்பர் அவன் தோளில் தட்டினார். "இனி நீரும் இந்தக் கரை ஆள்தானே. திரும்பும்."

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு கடல் பக்கம் திரும்பினான்.

துவாய் மணலில் கிடந்தது. லக்சிகா அதை எடுக்கவில்லை.