பதினேழாவது தாள்

தாளின் பின்பக்கம், வலது மூலையில், எறும்பளவுக்கு ஒரு நம்பர் இருந்தது. பதினேழு. கோகிலவாணி முடிந்த தாள்களையும் புரட்டினாள். எல்லாவற்றிலும் இருந்தது.

"பேரு எழுத மாட்டோம், தைரியமா பேசுங்க" என்று காலையில்தான் பேராசிரியர் ஆரோக்கியராஜ் கூடத்துப் பெண்களிடம் சொல்லியிருந்தார். மலைமேல், வாசலூர்பட்டி ரோட்டில் மிளகு சுத்தம் செய்யும் கூடம் அது. பேராசிரியர் மேலாண்மைக் கல்லூரியில் முப்பது வருஷம் இருந்தவர். வேலை செய்கிறவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஆராய்ந்தே பெயர் வாங்கியவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி கோகிலவாணிக்கு அவரிடம் மூன்று மாத வேலை, கேள்வி கேட்டு எழுதித் தருவது.

சூப்பர்வைசர் சதீஷ்குமாரின் வருகைப் பதிவேட்டில் பதினேழு என்றால் பொன்னாயி. கோகிலவாணியின் அம்மா.

"பேரில்லைன்னீங்க. இந்த நம்பர் எதுக்குங்க சார்?"

"தாள் தொலையாம இருக்கத்தாம்மா."

"ரிஜிஸ்டர்லயும் இதே நம்பர்ங்க."

"அந்த வரிசையிலதானே கூப்பிடறோம்?" என்று சிரித்தார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் படித்த கல்லூரியில் சாதிச் சான்றிதழுக்காக அவளை நான்கு தடவை மலையேறி இறங்க வைத்த கிளார்க்கும் இதே இனிப்பான குரலில்தான் பேசினார்.

"பதினாறு பேரும் எல்லா வசதிக்கும் ஆமாங்கன்னுட்டாங்க. முழுத் திருப்தின்னு டிக் பண்ணும்மா" என்றார் பேராசிரியர்.

"எங்கூர்ல ஆமாங்கன்னா, நீங்க பேசறது காதுல விழுதுன்னு அர்த்தம்ங்க. சரின்னு இல்லீங்க."

அவர் சிரிப்பு நின்றது. இருபது வருஷம் முன்பு இதே மலையில்தான் அவருடைய முதல் ஆய்வு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் திருப்தி என்று வந்த அந்தக் கட்டுரைதான் அவரைப் பேராசிரியராக்கியது. "அப்பவும் ஆமாங்கன்னுதான்..." என்று முனகினார்.

பொன்னாயி வந்து உட்கார்ந்தாள். மடியில் காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில், நிரம்பியபடியே.

"ஏம் பொன்னாயி, பெத்த புள்ளையே உனக்குப் பரீட்சை வெக்கறாளா?" முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த பெருமாயி கத்தினாள். கூடம் சிரித்தது. வாசலில் சாய்ந்திருந்த சதீஷ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. பாத்ரூம் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும். கேட்டால் மணி பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் தருவான். அதனால் சாயங்காலம் வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் எதிர்த்துக் கேட்டவளை அடுத்த நாளே நிறுத்திவிட்டார்கள்.

கோகிலவாணி வாசித்தாள். "வேலை இடத்துல பாத்ரூம் வசதி இருக்குதா?"

பொன்னாயி வாசலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"ஆமாங்க."

பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டாள். கோகிலவாணிக்குக் காது சுட்டது. தாளில் நம்பர் இருந்த மூலையை மடித்தாள். கிழித்தாள். அடுத்த தாள், அதற்கடுத்தது.

"ஏனுங்க சார், உங்க பேப்பரைக் கிழிக்குதுங்க!" சதீஷ்குமார் உள்ளே வந்தான்.

பேராசிரியர் கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங் கண்ணு. உன்ற வேல போயிரும்" என்றாள் பொன்னாயி.

"உன்னுது போகாதாம்மா?"

முப்பது தாள்களின் மூலைகளும் கோகிலவாணியின் கைக்குள் இருந்தன. "இப்பச் சொல்லு. பாத்ரூம் வசதி இருக்குதா?"

முறங்கள் நின்றன. சதீஷ்குமார் சாவியைக் கையால் பொத்திக்கொண்டான். பொன்னாயி மடியிலிருந்த பாட்டிலைத் திறந்து அண்ணாந்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரை, மடக் மடக்கென்று குடித்தாள்.