கடைக்கார அக்காவின் மகள் வீடு

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்து புகார் வாங்குவது அவள் வேலை. குழாய் உடைப்பு, மீட்டர் கோளாறு, கலங்கல் தண்ணீர், வராத தண்ணீர் எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூணாம் நம்பர்" என்றால் அவள்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் இவள் குரல் ஏறாது. கொஞ்சம் கரகரப்பான, அவசரமே இல்லாத குரல்.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலை கிடைத்தது கணவர் மூலமாக. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒருநாள் கடைக்கு வந்த ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் அவரிடம் புலம்பித் தீர்த்தார். ஒரு வீடியோ கேம் தயாராகிறதாம். அதில் ஒரு கடைக்காரப் பெண் வருகிறாளாம். பத்து நடிகைகளைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பார்த்தாயிற்று, ஒவ்வொருவரும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுகிறார்கள் என்றார்.

"என் வீட்டுக்காரி பேசுவா சார்," என்றார் கண்ணாடிக்காரர், அவர் காதுக்குப் பின்னால் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டே. "நாள் பூரா கவுண்டர்ல பேசிட்டு வந்து, வீட்லயும் அதே குரல்ல 'உப்பு போதுமா'ன்னு கேப்பா. நமக்கே எதாவது புகார் குடுக்கணும் போல இருக்கும்."

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் போனாள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. பாழடைந்த நகரம், தெருவெல்லாம் பூதங்கள், நடுவில் திறந்திருக்கும் ஒரே ஒரு கடை என்று கதை சொன்னார்கள். சண்டைக்குப் போகிறவர்கள் அங்கே வந்து மருந்தும் கயிறும் தீப்பந்தமும் வாங்கிக்கொண்டு போவார்கள். "என்ன வேணும், சொல்லு", "அது தீர்ந்துபோச்சு, நாளைக்கு வா" என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசி வசனத்தில்தான் நின்றாள். தாளில் "வெற்றி உனதே, வீரனே!" என்று எழுதியிருந்தது. நாலு முறை முயன்றும் நாக்கு புரளவில்லை.

"இப்படி யாருங்க பேசுவாங்க? நான் எனக்குத் தோணுற மாதிரி சொல்லட்டுமா?"

"சொல்லுங்கக்கா."

"போறது பெரிசில்ல. முழுசா வந்து சேரு."

ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் வீட்டுக்கு வந்து, காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை, பஸ்ஸில் அவளுக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி பரீட்சைக்கு இறங்கி ஓடினாள். இன்னொருத்தி ஜன்னலில் தலையை நீட்டி, "போறது பெரிசில்ல, முழுசா வந்து சேரு!" என்று கத்தினாள். அந்த 'முழுசா'வை இழுத்த இழுப்பு அச்சு அசல் அவளுடையது. அடுத்த வாரம் பல் மருத்துவமனையில் ஒரு நர்ஸ், நோயாளியை உள்ளே அனுப்பும்போது அதையே சொன்னாள். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

"யாரோ என்னை மாதிரியே பேசிட்டுத் திரியறாங்க," என்றாள் கணவரிடம்.

"உனக்கு லீவு வேணும். ரெண்டு நாள் போட்டுட்டு வீட்ல இரு," என்றார் அவர்.

விஷயம் வெளிவந்தது கவுண்டரில்தான். இணைப்பு மாற்ற அனுமதி வாங்க வந்த குழாய் ரிப்பேர்காரர் ஒருவர், அவள் "என்ன வேணும், சொல்லுங்க" என்றதும் கையிலிருந்த தாளை நீட்டாமல் அப்படியே நின்றார்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்ன வேணும்னு கேட்டேன்."

"அய்யய்யோ! கடைக்கார அக்கா!" அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "இங்க பாருங்க, கடைக்கார அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க!"

காலையிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த வரிசை கலகலப்பாகிவிட்டது. இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் முன்னால் வந்தாள். பார்சல் வண்டிக்காரர் போனை உயர்த்தினார். கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெரியவர், "எந்தக் கடை? என்ன விக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இடத்தை விடாமல் நின்றார். கண்காணிப்பாளர் அறையை விட்டு வெளியே வந்து, "ஆபீஸா இல்ல சந்தையா இது?" என்று அதட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான்காம் கவுண்டர் காலியாக இருந்தாலும் ஜனம் மூன்றில்தான் நின்றது. கோபமாக வருகிறவர்கள்கூடப் பாதியிலேயே தணிந்துவிடுவார்கள். வீட்டில் ஐந்து நாளாகத் தண்ணீர் வராத லாரி டிரைவர் ஒருவர் மேசையைத் தட்டப்போய், அவள் வாயைத் திறந்ததும் கையை மடக்கிக்கொண்டார். "உங்ககிட்ட எப்படிக்கா சண்டை போடுறது? நான் முப்பது தடவை செத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்கதான் மருந்து குடுத்தீங்க."

அவர் வீட்டுக் குழாயைப் பார்க்கச் சாயங்காலமே ஆள் அனுப்பினாள். நான்காம் கவுண்டர்க்காரி, "என்னைத் திட்டிட்டுப் போனவன் உன்னைக் கும்பிடுறான், என்ன மாயம்டி இது?" என்று தேநீர் வேளையில் அங்கலாய்த்தாள்.

கண்ணாடிக்காரருக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. கேமை வாங்கிவந்து டிவியில் மாட்டினார். லென்ஸைத் தலைமுடி கனத்துக்குத் தேய்க்கத் தெரிந்த விரல்களுக்கு அந்தக் கைப்பிடிப் பொத்தான்கள் பிடிபடவில்லை. முதல் பூதமே அவரை மென்று தின்றது. எனவே அவர் சண்டைக்குப் போவதை விட்டுவிட்டு, கடைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்.

ஒருநாள் சமையலறையில் இருந்தவளுக்குக் கூடத்திலிருந்து தன் குரலே கேட்டது: "என்ன வேணும், சொல்லு."

"ஒரு கயிறு குடும்மா," என்றார் கணவர்.

"கயிறு எதுக்குங்க?" என்று பதறிப்போய் வெளியே வந்தாள்.

அவர் அசடு வழியச் சிரித்தார். "உன்னைக் கேக்கல. அவளைக் கேட்டேன்."

"அப்படி என்ன இருக்கு அவகிட்ட?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நீ 'என்னங்க, வாங்க, போங்க'ன்னுதான் கூப்பிடுற. இவ மட்டும்தான் 'வா, போ'ன்னு உரிமையா பேசுறா. நல்லாத்தான் இருக்கு."

அவள் கரண்டியோடு நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வா, சாப்பிடு," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவர் எழுந்து போன வேகத்தை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் கேம் நிறுவனத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இரண்டாம் பாகம். கதை எழுதும் பெண்ணே தாளை நீட்டினாள். முதல் காட்சியிலேயே பூதங்கள் கடையைக் கொளுத்துகின்றன. கடைக்கார அக்கா ஆடுபவரின் மடியில் கிடந்து கடைசி வார்த்தை சொல்லி உயிரை விடுகிறாள்.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "நான் ஏம்மா சாகணும்?"

"அப்பத்தான் ஆடுறவங்களுக்குக் கோபம் வரும்க்கா. அந்தக் கோபத்தோட சண்டைக்குக் கிளம்புவாங்க."

"கோபம் வர்றதுக்கு ஒரு ஆளு சாகணுமா? எங்க ஆபீஸுக்கு வா. மூணு நாள் தண்ணி நின்னா எவ்வளவு கோபம் வருதுன்னு காட்டுறேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கடையில அக்கா இருந்தா எல்லாரும் அங்கயே சுத்தி வர்றாங்க. ஊருக்குள்ள போகவே மாட்டேங்கறாங்க. கடையில யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்."

கணவரை நினைத்துக்கொண்டாள் அவள். அது நியாயம்தான் என்று பட்டது. "அதுக்கு அவ கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போனாப் போதாதா?"

"ஊரு பூரா பூதம். அவ எங்கக்கா போவா?"

"மக வீட்டுக்கு."

கதை எழுதும் பெண் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பத்து நாளில் புதுத் தாள்கள் வந்தன. கேமும் ஒருநாள் வெளியானது. கடைக்கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு பலகை: 'மகள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மருந்து ஜன்னலில் இருக்கிறது. அளவாக எடுத்துக்கொள்ளவும்.'

உண்மையில் அந்த நகரத்தில் மகள் வீடு என்று ஒன்றைக் கட்டவே இல்லை. ஆடுபவர்களுக்கு அது தெரியாதே. எல்லாரும் பூதத்தை விட்டுவிட்டு வீட்டைத் தேடக் கிளம்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து, நீங்கள் மலைப்பக்கம் பாருங்கள், நாங்கள் ஆற்றங்கரையைப் பார்க்கிறோம் என்று பிரித்துக்கொண்டார்கள். பஸ்ஸிலும் கடைகளிலும் அதே பேச்சு. குழாய் ரிப்பேர்காரரும் லாரி டிரைவரும் கவுண்டர் வரிசையில் நின்று, காகிதத்தில் வரைந்த வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போன வாரம்வரை அவர்கள் யாரோ எவரோ.

ஒரு ஞாயிறு காலையில் அவளுடைய நிஜ மகளிடமிருந்து போன் வந்தது. ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். நிலம் அளக்கும் வேலை.

"அம்மா, ஊரே என் வீட்டைத் தேடி அலையுது. வழி தெரிஞ்ச நீ மட்டும் வர மாட்டேங்கற."

அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். போய் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மறுநாளே விடுப்பு விண்ணப்பம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'மகள் வீட்டுக்குச் செல்ல' என்று போட்டாள்.

கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது நிஜமான மக வீடா, இல்ல..."

"நிஜ மக வீடுதான் சார்."

கையெழுத்துப் போட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இன்னொரு வீடு ஆத்துக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்," என்றார்.

"எனக்கும் தெரியாது சார்," என்றாள். அவர் நம்பவில்லை.

கணவனும் மனைவியும் சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினார்கள். மகள் கையில் துடைப்பானோடு கதவைத் திறந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, எப்படி இருக்கீங்க என்றும் கேட்கவில்லை. "செருப்பை வெளியில விடுங்க ரெண்டு பேரும். இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

மூன்று நாள் இருந்தார்கள். அந்த ஈரத் தரை காய்ந்ததும் தாயும் மகளும் அதிலேயே தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு, பேசாமல் விட்ட பதினோரு மாதத்தையும் பேசினார்கள். கண்ணாடிக்காரர் மகளின் அளவைக் கருவியிலிருந்த லென்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இப்ப பாரு, அடுத்த ஊரே தெரியும்," என்று பெருமையடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் கதை எழுதும் பெண் போன் செய்தாள். ஜனங்களின் நச்சரிப்புத் தாங்கவில்லையாம். மகள் வீட்டைக் கட்டியே தீர வேண்டும் என்று முடிவாகிவிட்டதாம். "ஆனா கதவைத் திறக்கிற மக என்ன பேசுவான்னுதான் பிடிபடல. ரெண்டு மாசமா பூதத்தோட சண்டை போட்டு வந்து நிக்கறவங்ககிட்ட ஒரு பொண்ணு என்னதான் சொல்லுவா?"

அவள் போனை அப்படியே மகளிடம் கொடுத்தாள். "கதவைத் திறந்ததும் எங்ககிட்ட என்ன சொன்னியோ, அதைச் சொல்லு."

மகள் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, "பதிவு பண்ண எப்ப வர முடியும்?" என்று கேட்டாள் கதை எழுதும் பெண்.

கேமில் கட்டிய அந்த மகள் வீட்டுக்குக் கண்ணாடிக்காரர் போய்ச் சேர நாலு மாதம் ஆயிற்று. வழியில் குழாய் ரிப்பேர்காரர் கூட வந்து, குறுக்கே நின்ற பூதங்களையெல்லாம் அவருக்காக அடித்துப் போட்டார். மலைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சின்ன வீடு. தட்டினார். கதவு திறந்தது. மகளின் அதட்டல் குரல் கூடமெங்கும் கேட்டது. உள்ளே, ஜன்னலோரம் அவர் மனைவி குரலில் யாரோ சிரித்தார்கள்.

அவர் கைப்பிடியிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். குதித்தார், வாளை உருவினார், தீப்பந்தம் ஏற்றினார். செருப்பைக் கழற்ற மட்டும் வழி தெரியவில்லை. கால் மணி நேரம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, கழற்ற வரமாட்டேங்குது. அப்படியே உள்ள வரட்டுமா?"

"வாங்கப்பா," என்றாள் மகள். "உங்களுக்கு மட்டும்தான், வெளியில சொல்லிடாதீங்க."