மயிலையின் மணி

1936இல் என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போனபின், பல்லடத்துத் தோட்டத்தில் அவர் அண்ணன் செங்கோடன் வைத்ததே சட்டம். என் மகள் சுப்பாத்தாளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது அவளும் போய்விட்டதால், நடந்ததைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுவாள். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பாள். கிட்டத்தில்தான் கண் தெரிகிறது, கோயமுத்தூர் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

"மக்குப் புள்ளைக்கு ஆத்தா சொல்ற சாக்கு. படிச்சது போதும், பருத்தி எடுக்கப் போகட்டும்" என்றார் செங்கோடன்.

"கண்ணைப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க மாமா."

"இப்பவே பாக்கறேன்."

களத்தில் சோளம் அடித்த ஆட்கள் முன்னால் அவளை நிறுத்தினார். பண்ணையாள் ராசப்பன் களத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு வெள்ளை மாட்டை ஓட்டி வந்தான்.

"அதென்ன மாடு? பேரைச் சொல்லு."

"மயிலைங்க பெரியப்பா."

அடுத்ததும் வெள்ளை மாடுதான். "முத்தனுங்க" என்றாள்.

"ஒண்ணுகூடத் தப்பலையே! எழுத்தைக் கண்டாத்தான் கண்ணு அவிஞ்சுபோகுமாக்கும்?"

ஆட்கள் சிரித்தார்கள். சுப்பாத்தாளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு மாடுகளுக்கும் கழுத்து மணியோசை வேறு வேறு. ராசப்பன் மாடுகளைத் திருப்பி ஓட்டிப்போய்க் கட்டியிருந்த அந்தக் கோடிக்குப் போய், மயிலையின் மணியை அவிழ்த்தேன். மாட்டை அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளைச் சேலையோடு மணியை ஆட்டியபடி நான் மட்டும் நடந்து வந்தேன்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"மறுக்காவும் மயிலைதானுங்க பெரியப்பா."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

செங்கோடன் என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். "ஆளுக முன்னால புள்ளையக் குருடின்னு காட்டிப்போட்டயே! நாளைக்கு எவன் கட்டுவான்? கண்ணாடி கிண்ணாடி போட்டுட்டு ஊட்டுக்குள்ள வரப்படாது."

"ஆளுகளைக் கூட்டுனது நீங்கதானுங்க."

வண்டி தரமாட்டேன் என்றார். நடந்துபோய் பஸ் பிடித்தோம். டாக்டர் மாற்றி மாற்றிக் கண்ணாடி வில்லைகளை வைத்துப் பார்த்து, தூரப் பார்வைதான் குறைவு, கண்ணாடி போட்டால் நன்றாகப் படிப்பாள் என்றார். அடுத்த வாரம் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பினோம்.

வாசலில் செங்கோடன் முகத்தைச் சுளித்தபடி நின்றார். சுப்பாத்தாள் தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தா, பெரியப்பா என்னை எப்பவும் இப்படித்தான் பாப்பாங்களா?"

"ஆமாங் கண்ணு. நீ இப்பத்தான் பாக்கறே."

அவர் வழிவிடவில்லை. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நுழைந்து உள்ளே போய், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவளுடைய சிலேட்டை எடுத்துத் துடைத்து வைத்தேன்.