மறுத்தால் பாஸ்

நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதி இரண்டு நாள் ஆகியும் ரிசல்ட் வரவில்லை. எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி ஒன்று உண்டு. அதே பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இணையதளம் மறுத்தால் பாஸ். ஏற்றுக்கொண்டு கார்டில் பணம் எடுத்தால் ஃபெயில்.

எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதைவிட, அக்காவின் போக்கு சரியில்லை. காலையிலிருந்து என் யூனிஃபார்முக்கு இஸ்திரி என்ன, மேசைக்கே வரும் டீ என்ன! கேட்டால்கூட ஒரு டம்ளர் தண்ணீர் தராதவள்.

"என்னக்கா விஷயம்?"

"ஒண்ணுமில்லையே. டீ ஆறிடப் போகுது, குடி."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இருவரும் பயன்படுத்தும் லேப்டாப்பைத் திறந்தேன்.

"வேணாம்டி, ரிசல்ட் வரட்டும்" என்று பதறினாள்.

நான் பாஸாவது இவளுக்குப் பொறுக்கவில்லையோ? வீம்புக்கென்றே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன்.

ஏற்க இயலாது என்றது திரை.

"அக்கா! மறுத்துடுச்சு! நான் பாஸ்!" நாற்காலி கவிழ எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மரம் மாதிரி நின்றாள்.

"அடுத்த வரியையும் படிடி."

படித்தேன். இன்று காலை ஆறு பத்துக்கே என் பெயரில் ஒரு விண்ணப்பம் பதிவாகியிருந்தது.

"நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி நான் போட்டுப் பார்த்தேன்" என்றாள் அக்கா. "பணத்தை எடுத்துக்கிச்சு."